வீட்டு ரௌட்டருக்கு இரண்டு பூட்டுகள்

வீட்டிற்கு பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்க வரும் டெக்னீஷியன் பைபர் கேபிளை உள்ளே இழுத்து, பெட்டியைச் சுவரில் மாட்டி, நம் மொபைல் போனில் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டால், "உங்க போன் நம்பரையே போட்டுட்டேனுங்க, மறக்காது" என்பார். அவருடைய வேலை அத்துடன் முடிந்தது. நம்முடைய வேலை அங்குதான் தொடங்குகிறது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நண்பர்களும் உறவினர்களும் "நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று என்னை அழைப்பதுண்டு. போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ரௌட்டர் பாஸ்வேர்டை மாற்றினீர்களா?" என்பதுதான். "ஓ, மாத்தியாச்சே" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது வை-பி பாஸ்வேர்டை. நான் கேட்பது வேறு ஒன்றை.

வீட்டு ரௌட்டருக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. முதலாவது வை-பி பாஸ்வேர்ட். யார் நம் இணைப்பிற்குள் வரலாம் என்பதை இது முடிவு செய்கிறது. இரண்டாவது அட்மின் பாஸ்வேர்ட். யார் ரௌட்டரின் செட்டிங்ஸை மாற்றலாம் என்பதை இது முடிவு செய்கிறது. பெரும்பாலான வீடுகளில் முதல் பூட்டு பலவீனமாக இருக்கிறது. இரண்டாவது பூட்டைத் தொட்டதே இல்லை. இந்த இரண்டும் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆளுக்கொரு சம்பவம் இருக்கிறது.

முதல் பூட்டு திறந்திருந்தால்...

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்தன. 50க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு இமெயில் போயிருந்தது. அதன் ஐ.பி. முகவரியைப் பின்தொடர்ந்த போலீசார், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த பிளாட்டுக்குப் போய்ச் சேர்ந்தனர். அவருடைய கம்ப்யூட்டர் எடுத்துச் செல்லப்பட்டது. பலமுறை விசாரிக்கப்பட்டார். அவருக்கும் அந்த மெயிலுக்கும் சம்பந்தமில்லை. பாதுகாப்பில்லாமல் இருந்த அவருடைய வை-பி இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று டில்லியில் குண்டுகள் வெடித்தபோதும் இதே கதைதான். மெயில் புறப்பட்ட இடம் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வை-பி இணைப்பு. இதையடுத்து, 2009 பிப்ரவரியில், வை-பி இணைப்புகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது குறித்து மத்திய தொலைத்தொடர்புத் துறை இன்டர்நெட் நிறுவனங்களுக்கு உத்தரவு வெளியிட்டது.

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வீட்டில் பத்து சாதனங்கள் இருந்தாலும் அவை எல்லாம் வெளி உலகிற்கு ஒரே முகவரியில்தான் தெரியும். அந்த முகவரியை வைத்துத் தேடினால் கிடைப்பது, இணைப்பு வாங்கும்போது கையெழுத்துப் போட்டவரின் பெயர். அதாவது உங்கள் பெயர். பக்கத்து வீட்டில் இருப்பவர் செய்தாரா, தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒருவர் செய்தாரா என்பது விசாரணைக்குப் பின்னரே தெரியவரும். அதுவரை பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இரண்டாவது பூட்டு திறந்திருந்தால்...

2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்கள் பலருக்கு திடீரென்று இணைப்பு நின்றுபோனது. கேபிளில் பழுது இல்லை. இன்டர்நெட் வழியாக வந்த ஒரு மால்வேர், மோடம்களுக்குள் நுழைந்து அவற்றைச் செயலிழக்க வைத்திருந்தது. 60,000க்கும் மேற்பட்ட மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. மாட்டிக்கொண்டவை, கம்பெனியில் போட்டுக் கொடுத்த "அட்மின்" என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த மோடம்கள். பாஸ்வேர்டை உடனே மாற்றும்படி வாடிக்கையாளர்களை அந்த நிறுவனம் கேட்டுக்கொண்டது.

மோடம் செத்துப்போனால் நமக்கு உடனே தெரிந்துவிடும். அதைவிட ஆபத்து, ரௌட்டர் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போது உள்ளே ஒருவர் டி.என்.எஸ். முகவரியை மாற்றி வைப்பது. அப்போது நீங்கள் வங்கியின் முகவரியைச் சரியாகவே டைப் செய்தாலும் வேறு ஒரு தளத்திற்குக் கொண்டு போகப்படலாம். பிரவுசர் "இந்தத் தளம் பாதுகாப்பானது இல்லை" என்று எச்சரித்தால், அதைத் தாண்டி உள்ளே போகவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இனி வேலையைத் தொடங்குவோம்

1. ரௌட்டருக்குள் நுழைதல்: ரௌட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஒரு எண் இருக்கும். அத்துடன் யூசர் நேமும் பாஸ்வேர்டும் இருக்கும். ஸ்டிக்கர் இல்லை என்றால், விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் ஐபிகான்பிக் என்று இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். "டிபால்ட் கேட்வே" என்ற வரியில் அந்த எண் கிடைக்கும். அதை பிரவுசரின் அட்ரஸ் பாரில் கொடுத்தால் ரௌட்டரின் பக்கம் திறக்கும்.

2. அட்மின் பாஸ்வேர்ட்: சிஸ்டம், மேனேஜ்மென்ட், அட்மினிஸ்ட்ரேஷன் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். அதில் பாஸ்வேர்ட் மாற்றும் இடத்தைத் தேடி முதலில் இதை மாற்றுங்கள். சில நிறுவனங்கள் தரும் பெட்டிகளில் இந்த வசதியை மூடி வைத்திருப்பார்கள். அப்படியானால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதே பக்கத்தில் "ரிமோட் மேனேஜ்மென்ட்" என்று இருந்தால் அதை டிஸேபிள் செய்திடவும். வீட்டிற்கு வெளியிலிருந்து ரௌட்டரைத் திறக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

3. என்கிரிப்ஷன் வகை: வயர்லெஸ் செக்யூரிட்டி பகுதியில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய போன், பிரிண்டர் இணையவில்லை என்றால் டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் கலந்த மோட் போதும். அதுவும் இல்லாத ரௌட்டரில் டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்று இருக்கட்டும். டபிள்யூ.இ.பி. என்பதை மட்டும் தொடவே வேண்டாம். 2001லேயே அதன் பலவீனம் வெளிவந்துவிட்டது. 2007ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் ஒரு நிமிடத்திற்குள் அதை உடைக்கலாம் என்று செய்து காட்டினார்கள்.

4. வை-பி பாஸ்வேர்ட்: இங்கே ஒரு சின்னக் கணக்கு. டபிள்யூ.பி.ஏ.2 முறையில், ஒரு போன் ரௌட்டருடன் இணையும் அந்த நொடியில் காற்றில் போகும் தகவலைப் பிடித்துக்கொண்டால் போதும். மீதியை ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யூகித்துப் பார்க்கலாம். கேம் விளையாட வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்கு 10 லட்சம் பாஸ்வேர்டுகள் அளவில் சோதித்துவிடும். பாஸ்வேர்ட் 8 எழுத்துக்குக் குறையக்கூடாது என்பதால் பலர் லேண்ட்லைன் எண்ணுடன் 0422 சேர்த்துப் போடுகிறார்கள். கோவை எண்கள் 7 இலக்கம். முதல் இலக்கம் 2 என்று தெரிந்தால் மிச்சம் 6 இலக்கம். அதாவது 10 லட்சம் வாய்ப்புகள். ஒரே விநாடி! மொபைல் எண் போட்டாலும், 6, 7, 8, 9ல் தொடங்கும் 10 இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. ஒன்றேகால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.

இதற்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். கொடுவாள், ரயில், பப்பாளி, கண்ணாடி என்ற மாதிரி. நடுவில் ஒரு எண்ணைச் செருகுங்கள். 20 எழுத்துக்கு மேல் வரும், வீட்டில் எல்லோருக்கும் நினைவிலும் நிற்கும். பழமொழி, பாட்டு வரி, குலதெய்வத்தின் பெயர் எல்லாம் வேண்டாம். அவை மற்றவர்களுக்கும் தெரிந்தவை.

5. டபிள்யூ.பி.எஸ்.: பட்டனை அழுத்தினால் அல்லது 8 இலக்க பின் எண் கொடுத்தால் சாதனம் இணைந்துவிடும் வசதி இது. இந்த பின் எண்ணை ரௌட்டர் முதல் 4, அடுத்த 4 என்று தனித்தனியாகச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமும் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதுதான். எனவே 10 கோடி முயற்சிகள் வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகளே போதும் என்று 2011 டிசம்பரில் ஸ்டீபன் வீபாக் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். எவ்வளவு பெரிய பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் இந்தப் பின்வாசல் திறந்திருந்தால் பயனில்லை. டிஸேபிள் செய்திடவும்.

6. அப்டேட்: பர்ம்வேர் அப்டேட் இருந்தால் செய்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் ரௌட்டர் கெட்டுப்போகலாம் என்பதால் யு.பி.எஸ். இணைப்பில் வைத்துச் செய்வது நல்லது.

பாஸ்வேர்ட் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

திருப்பூரில் என் மாமா ஒருவர் வீட்டின் கீழ்த்தளத்தில் சிறிய தையல் யூனிட் நடத்துகிறார். மேலே இரண்டு வீடுகள் வாடகைக்கு. பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா, டி.வி., போன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வை-பி. ரௌட்டர் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது 23 இருந்தன. அவருடையவை 8.

"யாருக்குங்க மாமா பாஸ்வேர்ட் சொன்னீங்க?" என்றேன்.

"யாருக்குமே சொல்லலீங்க மாப்ள. மேல் வீட்டுப் புள்ளைக்கு பரிச்சைன்னு ஒருக்கா குடுத்தோம். கட்டிங் மாஸ்டருக்குக் குடுத்தது போன வருசம். அவரு இப்ப வேலைக்கே வர்றதில்லைங்களே."

பாஸ்வேர்டை மாற்றலாம் என்றதும் மாமாவின் முகம் மாறியது. "தண்ணியும் நெட்டும் கேட்டு இல்லைன்னு சொன்னா நல்லாருக்குங்களா? கோவிச்சுக்குவாங்க."

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இதற்கு ரௌட்டரிலேயே பதில் உண்டு. "கெஸ்ட் நெட்வொர்க்" என்ற வசதி பெரும்பாலான ரௌட்டர்களில் இருக்கிறது. அதை ஆன் செய்தால் வேறு பெயரில், வேறு பாஸ்வேர்டுடன் இன்னொரு வை-பி உருவாகும். அதில் இணைபவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டரும் பில் பைல்களும் தெரியாது. மாமா வீட்டில் பில்லிங் கம்ப்யூட்டரும் குடும்பத்தின் போன்களும் மெயின் நெட்வொர்க்கில். விருந்தினர், டி.வி., கேமரா எல்லாம் கெஸ்ட்டில். அந்தப் பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றினால் யாருடைய மனமும் நோகாது. ஆனால் கெஸ்ட் வழியாகப் போவதும் உங்கள் பெயரில்தான் பதிவாகும். எனவே முகம் தெரியாதவர்களுக்கு அதையும் தர வேண்டாம்.

பட்டியலைப் பார்க்கும்போது ஒரு விஷயம். இப்போதைய ஆண்ட்ராய்ட் போன்களும் ஐபோன்களும் தங்கள் உண்மையான மேக் அட்ரஸை மறைத்து வேறு ஒன்றைக் காட்டும். எனவே தெரியாத எண் ஒன்று இருந்தாலே திருடன் என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டுப் போன்களை ஒவ்வொன்றாக ஆப் செய்து பார்த்து, மிச்சம் இருப்பதைக் கவனியுங்கள்.

பூட்டு போலத் தோன்றி பூட்டாக இல்லாதவை

வை-பி பெயரை மறைத்து வைத்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர் அதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். மேக் அட்ரஸ் பில்டர் போட்டால் போதும் என்பார்கள். அந்த அட்ரஸையும் காப்பி அடிக்கலாம். இவற்றைச் செய்வதால் கெடுதல் இல்லை. இவற்றை நம்பி பாஸ்வேர்டை எளிதாக வைத்துவிடக்கூடாது. வை-பி பெயரில் வீட்டு எண்ணையும் குடும்பப் பெயரையும் போடாமல் இருப்பதும் நல்லது.

ஒரு எச்சரிக்கை: பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் ரௌட்டரின் பின்புறம் உள்ள சிறிய துளையில் ஊசியால் அழுத்தி ரீசெட் செய்யலாம் என்று சொல்வார்கள். சொந்தமாக வாங்கிய ரௌட்டரில் செய்யலாம். ஆனால் இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த பெட்டியில் அவர்கள் பதிந்த இணைப்பு விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடலாம். பிறகு டெக்னீஷியன் வரும் வரை நெட் கிடைக்காது. அவர்களிடம் கேட்காமல் அழுத்த வேண்டாம்.

புதிய பாஸ்வேர்டுகள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். ரௌட்டர் மேலேயே ஒட்டி வைக்காதீர்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து முடிக்க அரை மணி நேரம் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். அரை மணிக்கு நேரமில்லை என்றால், அட்மின் பாஸ்வேர்டையும் வை-பி பாஸ்வேர்டையும் மட்டுமாவது இன்றே மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.