அகதியர் குடியிருப்புகளிலும் ஏற்புச் சமூகங்களிலும் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா: லெபனானை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் அகதியரிடையே மிகுதியாகக் காணப்படுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இம்முடிவு பொதுவெளியில், 'அகதியர் நோயைச் சுமந்து வருகின்றனர்' என்னும் பொருளில் எடுத்தாளப்படுகிறது. சான்றுகள் அப்பொருளைத் தருகின்றனவா என்பதை, சிரிய அகதியர் பெருமளவில் வாழும் லெபனானை முதன்மைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மருந்தெதிர்ப்பு என்பது ஒரு மக்கட்பிரிவின் இயல்பன்று. நீர், கழிவு, கால்நடை வளர்ப்பு, மருத்துவ அணுக்கம் ஆகியவற்றின் விளைவு என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மருந்தெதிர்ப்பு, அகதியர், ஏற்புச் சமூகம், கோலிஸ்டின், லெபனான், நீர் மாசு

முன்னுரை

மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாத் தொற்றுகளை நேரடிக் காரணமாகக் கொண்டு 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்றும், இத்தொற்றுகளுடன் தொடர்புடைய இறப்புகள் 49.5 லட்சம் என்றும் 2022இல் லான்செட் இதழில் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. இச்சுமை வளம் குன்றிய நாடுகளின்மீதே மிகுதியாக விழுகிறது. போரினால் இடம்பெயர்ந்தோர் அந்நாடுகளிலும் மிக நலிந்த நிலையில் வாழ்பவர்கள். ஆகவே அவர்களிடையே மருந்தெதிர்ப்பு குறித்த ஆய்வு இன்றியமையாதது. எனினும், அவ்வாய்வு முடிவுகள் எவ்வாறு படிக்கப்படுகின்றன என்பது அம்மக்களுக்கு மருத்துவம் கிடைப்பதையும் மறுக்கப்படுவதையும் தீர்மானிக்கக்கூடியது.

கலைச்சொல் தெளிவு

தமிழில் இப்பொருள் பற்றி எழுதும்போது 'எதிர்ப்பு' என்னும் சொல் இடர் விளைவிக்கிறது. உடல் கிருமியை எதிர்ப்பது 'நோயெதிர்ப்பு'. கிருமியைக் கொல்லும் மருந்து 'நுண்ணுயிர் எதிர்ப்பி'. அம்மருந்தைக் கிருமி தாங்கிப் பிழைப்பது 'மருந்தெதிர்ப்பு'. மூன்றிலும் ஒரே சொல் நிற்பதால், மருந்துக்குப் பழகிப்போவது மனித உடல் என்னும் பிழையான எண்ணம் எளிதில் தோன்றுகிறது. பழகுவது உடலன்று, பாக்டீரியாவே. இவ்வேறுபாடு தெளிவானால்தான், ஒருவர் வாழ்நாளில் ஒரு மருந்தை உட்கொள்ளாமலே அம்மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவைப் பெறக்கூடும் என்பது விளங்கும். இதனைக் கருதியே இக்கட்டுரையில் மருந்தினை 'நுண்ணுயிர்க்கொல்லி' எனவும், பாக்டீரியாவின் பண்பினை 'மருந்தெதிர்ப்பு' எனவும் குறிப்பிடப்படுகிறது.

'தொற்று', 'தாங்குநிலை' என்னும் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். குடலிலோ தோலிலோ மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா தங்கியிருந்தும் நோய் இன்றி இருப்பது தாங்குநிலை. அறுவை, காயம், சிறுநீர்ப்பாதைச் சிக்கல் போன்ற வாய்ப்புகளில் அது தொற்றாக மாறலாம். ஆய்வுகளில் அகதியரிடம் கண்டறியப்படுவதில் பெரும்பகுதி தாங்குநிலையே ஆகும்.

மருந்தெதிர்ப்பு பரவும் முறை

மரபணுவில் நிகழும் தற்செயல் மாற்றத்தால் மருந்தெதிர்ப்பு தோன்றலாம். ஆனால் அதன் விரைவான பரவலுக்கு முதன்மைக் காரணம் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள். இவை ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு, சில வேளைகளில் வேறோர் இனப் பாக்டீரியாவிற்கும் மாறிச் செல்லவல்லவை. கழிவுநீர் இம்மாற்றத்திற்கு மிகவும் உகந்த இடம். மனிதர், கால்நடை, மருத்துவமனை ஆகிய மூன்றின் பாக்டீரியாக்களும் மருந்து எச்சங்களும் அங்கு ஒன்றுகூடுகின்றன. ஆகவே மருந்தெதிர்ப்பின் வரலாற்றை நோயாளியின் உடலில் மட்டும் தேடுவது போதாது.

லெபனான்: களமும் சூழலும்

2011இல் சிரியாவில் போர் தொடங்கியபின், லெபனானுக்குப் புலம்பெயர்ந்தோரின் எண்ணிக்கை அந்நாட்டு அரசின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 15 லட்சம். 10,452 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட அந்நாடு, மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிகுதியான அகதியரை ஏற்ற நாடுகளுள் முன்னிற்கிறது. சிரியருக்கென முறையான முகாம்கள் அமைக்க அரசு இசையவில்லை. ஆதலின் பலர் பெக்கா பள்ளத்தாக்கு, அக்கார் போன்ற பகுதிகளின் விளைநிலங்களில் கூடாரமிட்டும், நகரங்களில் நெரிசலான வாடகை வீடுகளிலும் வாழ்ந்தனர். அகதியரும் உள்ளூர் மக்களும் ஒரே நிலத்தடி நீரையும் ஒரே சந்தையையும் பகிர்ந்துகொண்டனர். நாட்டின் கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே ஆறுகளிலும் கடலிலும் கலக்கிறது. பெக்கா வழியே ஓடும் லித்தானி ஆற்றின் மாசு அகதியர் வருகைக்கு முன்பே தொடங்கிய சிக்கலாகும்.

மருத்துவச் சூழலும் கருதத்தக்கது. லெபனானின் மருத்துவத் துறை பெரிதும் தனியார் கையில் உள்ளது. மருத்துவமனைச் செலவில் ஒரு பகுதியையே ஐ.நா. அகதிகள் ஆணையம் ஏற்றுவந்ததால், எஞ்சியதைச் செலுத்த இயலாதோர் மருந்துக்கடையையே முதல் மருத்துவமனையாகக் கொண்டனர். மருத்துவர் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி வாங்குவது அங்கு இரு சமூகத்தாரிடமும் காணப்படும் வழக்கம். 2019இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவுக்குப்பின் மருந்துத் தட்டுப்பாடு லெபனானியரையும் அதே நிலைக்குத் தள்ளியது.

கோலிஸ்டின் தரும் சான்று

கோலிஸ்டின் ஒரு பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒதுக்கப்பட்டிருந்த அது, பிற மருந்துகள் பயனற்றுப்போன நிலையில் இறுதி மருந்தாக மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது. அதனை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணு பிளாஸ்மிட் வழியே பரவுவதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டனர். பன்றிகள், இறைச்சி, நோயாளிகள் ஆகிய மூன்றிலும் அது கண்டறியப்பட்டது.

இதே மரபணு பின்னர் லெபனானியக் கோழிப் பண்ணைகளிலிருந்தும், சிரிய அகதியர் குடியிருப்புகளின் வீட்டுப் பயன்பாட்டு நீர், கழிவுநீர் ஆகியவற்றிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியாக்களில் அறியப்பட்டது. இச்செய்தியை மேலோட்டமாகப் படிப்பவர், அகதியரே இம்மரபணுவின் ஊற்று எனக் கருதக்கூடும். ஆனால் கோலிஸ்டின் மனித மருத்துவத்தில் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஊசிவழியே தரப்படும் மருந்து. மருத்துவமனைக்குச் செல்லவே வழியற்ற கூடாரவாசிகள் அதனைப் பெருமளவில் பயன்படுத்தியிருக்க வாய்ப்பில்லை. மறுபுறம், கால்நடை வளர்ப்பில் அது பல நாடுகளில் பரவலாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. இந்தியா 2019இல்தான் உணவுக்கான கால்நடைகளில் அதற்குத் தடை விதித்தது. எனவே, பண்ணைக் கழிவும் மருத்துவமனைக் கழிவும் நீர்வழியே குடியிருப்புகளை எட்டியிருக்கலாம் என்பதே கூடுதல் பொருத்தமுடைய விளக்கம். இது முடிந்த முடிபன்று. ஆயினும் கூடாரத்தின் நீரில் கிடைத்த பாக்டீரியாவைக் கூடாரவாசியின் கணக்கில் எழுதிவிட இயலாது என்பதை இது காட்டுகிறது.

ஐரோப்பியத் தொகுப்பாய்வைப் படித்தல்

லாரா நெல்லம்ஸ், சாலி ஹார்க்ரீவ்ஸ் உள்ளிட்டோர் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஐரோப்பாவில் நிகழ்ந்த 23 ஆய்வுகளை ஒருங்கிணைத்தது. புலம்பெயர்ந்தோரில் 25.4 விழுக்காட்டினரிடம் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா தாங்குநிலையாகவோ தொற்றாகவோ இருந்தது. அகதியர், புகலிடம் கோருவோர் ஆகியோரிடம் இது 33.0 விழுக்காடு, பிற புலம்பெயர்ந்தோரிடம் 6.6 விழுக்காடு மட்டுமே.

இவ்விரு எண்களின் இடைவெளி கூர்ந்து நோக்கத்தக்கது. பிறந்த நாடே காரணமாயின் இரு பிரிவினரிடையே இத்துணை வேறுபாடு தோன்றுவதை விளக்குவது கடினம். சிதைந்த மருத்துவமனை, நீண்ட பயணம், நெரிசலான தங்குமிடம் ஆகியவையே அகதியரைப் பிறரிடமிருந்து பிரிக்கின்றன. புலம்பெயர்ந்தோரிடமிருந்து ஏற்புச் சமூகத்திற்கு மிகுதியாகப் பரவியதற்கான சான்று கிடைக்கவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவாகும்.

இவ்வெண்களைக் கையாள்வதில் எச்சரிக்கையும் தேவை. புலம்பெயர்ந்தோர் செறிந்து வாழும் இடங்களில் 33.1 விழுக்காடு, மருத்துவமனைகளில் 24.3 விழுக்காடு என்னும் ஒப்பீட்டில், முன்னதன் நம்பக இடைவெளி 11.1 முதல் 55.1 வரை விரிகிறது. பின்னதன் இடைவெளி அதனுள் அடங்கிவிடுகிறது. ஆகவே முகாம்களே மருத்துவமனைகளைவிட இடர் மிகுந்தவை என உறுதிபடக் கூறவியலாது. மேலும், அகதியரை மட்டும் சோதித்து, அதே இடத்தில் அதே காலத்தில் வாழும் உள்ளூர் மக்களைச் சோதிக்காத ஆய்வு, பரவலின் திசையைச் சொல்ல வல்லதன்று. தேடிய இடத்தில் மட்டுமே கிடைத்ததை, அங்கு மட்டுமே உள்ளது எனக் கொள்ளும் பிழை இங்கு நிகழ்கிறது.

பொது நீர், பொது இடர்

2022 அக்டோபரில் லெபனானில் காலரா தோன்றியது. 1993க்குப்பின் அதுவே முதன்முறை. சற்று முன்னரே சிரியாவில் அந்நோய் பரவியிருந்ததால் கிருமி எல்லை கடந்து வந்திருக்கக்கூடும். ஆயினும் அக்கார் பகுதியில் கூடாரக் குடியிருப்புகளோடு பெப்னின் என்னும் லெபனானிய ஊரும் கடுமையாகத் தாக்குண்டது. மின்வெட்டால் நீரேற்று நிலையங்கள் முடங்கியதும், கழிவு கலந்த நீரை மக்கள் பயன்படுத்த நேர்ந்ததுமே பரவலுக்கு வழிவகுத்தன. காலராவும் மருந்தெதிர்ப்பும் வெவ்வேறு சிக்கல்கள் எனினும், இரண்டும் செல்லும் வழி ஒன்றே. அவ்வழியில் அகதி, குடிமகன் என்னும் பிரிவு செல்லுபடியாகாது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. அகதியரிடம் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா மிகுதியாகக் காணப்படுவது உண்மை. ஆனால் அது அவர்கள் வாழ நேர்ந்த சூழலின் அளவீடாகவே கொள்ளத்தக்கது.

2. மனிதர், கால்நடை, நீர் ஆகிய மூன்றையும், இரு சமூகங்களையும் ஒருங்கே உள்ளடக்கும் ஆய்வுகளே பரவலின் திசையைக் காட்டவல்லவை.

3. தூய நீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, எளிதில் அணுகத்தக்க மருத்துவம், ஆய்வக வசதி ஆகியவை அகதியருக்கான உதவி மட்டுமல்ல. ஏற்புச் சமூகத்தின் தற்காப்பும் ஆகும்.

4. சோதனை முடிவுகள் குடியேற்ற அதிகாரிகளிடம் சேருமாயின், நோயுற்றோர் மருத்துவரை நாடாது ஒளிவர். ஆகவே பரிசோதனை சிகிச்சையின் ஒரு பகுதியாக அமைய வேண்டுமேயன்றி, எல்லைக் காவலின் கருவியாதல் கூடாது.

2024 டிசம்பரில் சிரியாவில் ஆட்சி மாறியபின் அகதியர் பலர் தாயகம் திரும்பிவருகின்றனர். சிதைந்த நீர்வழங்கலும் மருத்துவமனைகளும் அங்கு அவர்களை எதிர்கொள்கின்றன. திரும்பிச் செல்வோரையும் கிருமி சுமப்போராகக் காணாது, அவர்களின் மருத்துவக் குறிப்புகள் அவர்களோடு செல்லவும் மருத்துவம் தொடரவும் வழிசெய்வதே இவ்வாய்வுகளின் உண்மையான பயனாக அமையும்.