கிளிப்பர் சில்லு

கிளிப்பர் சில்லு என்பது தொலைபேசி உரையாடல்களை மறையீடு செய்வதற்காக ஐக்கிய அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமை உருவாக்கிய மின்னணுச் சில்லு ஆகும். 1993 ஏப்ரலில் கிளின்டன் அரசு இதனை அறிவித்தது. பிறர் ஒட்டுக்கேட்க முடியாதவாறு பேச்சைக் காப்பதும், சட்டப்படி அனுமதி பெற்ற காவல் அமைப்புகள் மட்டும் அதனைக் கேட்க வழிவிடுவதும் இதன் நோக்கங்களாகும்.

செயற்படும் முறை

பேச்சு, ஸ்கிப்ஜாக் எனப்படும் படிமுறையால் 80 பிட்டுச் சாவி கொண்டு மறைக்கப்பட்டது. இச்சாவி அழைப்புக்கு அழைப்பு மாறும். அதனைச் சில்லு தனது நிலையான சாவியால் பூட்டி, உரையாடலுடன் ஒரு தரவுத்துண்டாக அனுப்பிவிடும். நிலையான சாவியின் இரு கூறுகளுள் ஒன்று தேசிய சீர்தர, தொழினுட்ப நிறுவனத்திடமும் மற்றொன்று கருவூலத் துறையிடமும் இருக்கும். வங்கிப் பெட்டக அறையின் இரு சாவிகளை இரு அலுவலர்கள் வைத்திருப்பது போன்றதே இது. ஆயின் இங்கு இருவரும் அரசின் அலுவலர்களே.

எதிர்ப்பு

ஸ்கிப்ஜாக் இரகசியமாக இருந்ததால் அதனைப் பொதுவில் ஆராய இயலவில்லை. சில்லைப் பயன்படுத்துவது கட்டாயமன்று என்பதால், குற்றவாளிகள் வேறு மறையீட்டு மென்பொருளை நாடுவர் என்ற வாதமும் வலுவானது. 1994இல் ஏடி அன்ட் டி நிறுவன ஆய்வாளர் மாட் பிளேசு பெரிய ஓட்டையொன்றை வெளியிட்டார். தரவுத்துண்டின் சரிபார்ப்பு எண் 16 பிட்டு மட்டுமே, அதாவது 65,536 வாய்ப்புகளே. முயன்று பார்த்துப் பொருந்தும் போலித் துண்டொன்றை உருவாக்கினால் மறையீடு வழமைபோல் இயங்கும்; அரசால் மட்டும் கேட்க இயலாது.

1996 அளவில் திட்டம் கைவிடப்பட்டது. ஸ்கிப்ஜாக் 1998 சூனில் பொதுவெளிக்கு வந்தது.