18 வயதுக்குப் பின் என்ன படிப்பு?

பாடசாலைக் காலம் முடியும் வரை எம் போன்ற தாய்மாருக்கு ஓர் ஆறுதல் உண்டு. காலையில் பிள்ளை போக ஓர் இடம் இருக்கிறது. 18 வயதானதும் அதுவும் இல்லாமற் போகிறது. மற்றப் பிள்ளைகள் உயர்தரம், பல்கலைக்கழகம், வேலை என்று போக, விசேட தேவையுடைய பிள்ளைகள் வீட்டு விறாந்தையோடு நின்றுவிடுகிறார்கள்.

என் மகள் 2005 இல் பிறந்தவள். எதையும் விளங்கிக்கொள்ள அவளுக்குக் கூடுதல் நேரம் எடுக்கும். 2009 இல் அவளுடைய அப்பாவை இழந்தோம். முகாமில் இருந்து ஊர் திரும்பிய பின், பாடசாலையொன்றின் விசேட கல்வி அலகில் எழுத்தும் எண்ணும் ஓரளவு பழகினாள். 2023 இல் அவளுக்கு 18 வயது நிறைந்தது. "பொம்பிளைப் பிள்ளை, இனி வீட்டோட வைச்சிரு. அவளுக்கு என்ன படிப்பு?" என்றார் கணவரின் தமையனார்.

அவர் அன்பினால்தான் சொன்னார். போரைக் கண்ட எமக்குப் பயம் புதிதல்ல. ஆனால் எனக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற கேள்வி அந்தப் பயத்தை விடப் பெரிதாக இருந்தது.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்தேன். சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் தங்கிப் படிக்கலாம் என்றார். தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகள் பற்றியும் சொன்னார். கை, கால் இழந்த பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் சான்றிதழுடன் கூடிய இத்தகைய பயிற்சிகள் நல்ல வழி. என் மகளுக்கோ தூர இடத்தில் தனியே தங்குவது கடினம். ஆகவே அருகில் தேடினேன்.

எமது சட்டப்படி 18 வயது நிறைந்தவர் பராயமடைந்தவர். கல்வி நிலையத்தில் சேர்க்கும்போது வலுக்குறைவைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம், வளர்ந்தோர் கல்வியும் தொழிற்பயிற்சியும் இவர்களுக்கும் உரியவை என்கிறது. தீர்மானம் எடுக்க உதவி தேவையென்றால் அதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

"என்ன படிக்க விருப்பம்?" என்று கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. அதனால் நேரில் கூட்டிச்சென்று காட்டினேன். தையல் வகுப்பில் என் கையை விடவேயில்லை. மாதர் சங்கத்தின் மிளகாய்த்தூள் பொதி செய்யும் இடத்தில் தானாகவே ஒரு பையைத் தூக்கித் தராசில் வைத்தாள். அதுவே அவளுடைய பதில்.

முதல் மாதம் நானும் பஸ்ஸில் கூடப் போனேன். எனது தொலைபேசி இலக்கத்தை மனப்பாடமாக்கினேன். யாராவது தொட்டால் "வேண்டாம்" என்று கத்தப் பழக்கினேன். இன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு போய் வருகிறாள். 100 கிராம் பொதியைப் பிழையின்றி நிறுக்கிறாள். சம்பளம் சிறியது, அவள் பெயரிலேயே வங்கியில் சேர்கிறது.

சகோதரிகளே, பிள்ளைக்கு 15 வயதாகும்போதே இதைப் பற்றி யோசியுங்கள். பயணம், மொழி, பாதுகாப்பு, மலசலகூட வசதி எல்லாவற்றையும் விசாரியுங்கள். உறவினரின் ஆலோசனையையும் கேளுங்கள். ஆனால் பிள்ளையின் விருப்பத்தை அறியாமல் முடிவெடுக்காதீர்கள். வாய் பேசாத பிள்ளைக்கும் விருப்பம் உண்டு. அதை அறியப் பொறுமைதான் வேண்டும்.