வண்டி விளக்கும் வழிப்போக்கர் உயிரும்

கிராம முன்னேற்றத்தின் அடையாளங்களில் சாலையும் ஒன்றாகும். ஒற்றையடிப் பாதைகளாக இருந்தவை தார்ச்சாலைகளாயின. மாட்டுவண்டி சென்ற தடங்களில் இன்று டிராக்டரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் இரவு பகலாக ஓடுகின்றன. ஆயினும், இரவில் அச்சாலையோரம் நடந்து செல்பவரின் அச்சம் நீங்கிவிட்டதா என்றால், இல்லை என்றே கூற வேண்டியிருக்கிறது. அதற்கு முக்கியமான ஒரு காரணம், எதிரே வரும் வண்டியின் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். அதனைச் சீர்செய்யப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரு சுவர், ஒரு அளவு நாடா, ஒரு திருப்புளி, அரை மணி நேர அவகாசம் ஆகியவை போதும்.

சென்ற ஆண்டு கல்வராயன் மலையில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு, வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் நோக்கி ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தேன். நன்றாக இருட்டிவிட்டது. ஒரு வளைவில், மேலேறி வந்த சரக்கு வண்டியின் ஒளி எங்கள் முகத்தில் நேராக விழுந்தது. ஓட்டுநர் உடனே ஜீப்பை நிறுத்தினார். பார்வை தெளிந்தபோது, எங்களுக்கு இடப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் விறகுச் சுமையுடன் இரு பெண்கள் நின்றிருந்தனர். இன்னும் இரண்டு விநாடி ஓடியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு வண்டிக்காரரை விசாரித்தோம். "ஐயா, நான் டிம்மில்தானே வருகிறேன்" என்றார். பார்த்தோம், அவர் கூறியது உண்மையே. ஆனால் வண்டியின் பின்பகுதி உர மூட்டைகளின் பாரத்தால் தாழ்ந்து, முன்பகுதி நிமிர்ந்திருந்தது. தாழ்ந்து விழவேண்டிய ஒளி வானம் பார்த்தது.

பாரமும் ஒளியும்

இதன் கணக்கு எளிது. டிம் விளக்கின் ஒளி, ஒவ்வொரு மீட்டர் தூரத்திற்கும் சுமார் 1 சென்டிமீட்டர் தாழ வேண்டும். தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு இவ்வாறு அமைந்தால், அதன் ஒளியின் மேல்விளிம்பு 75 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். எதிரே வருபவரின் கண்ணுக்கு அது எட்டாது.

இப்போது அவ்வண்டியில் பாரம் ஏற்றுவோம். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே இரண்டரை மீட்டர் என்று கொண்டால், பின்பகுதி 5 சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே ஒளி மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் மேலெழும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்த ஒளி, இப்போது 1 சென்டிமீட்டர் உயர்கிறது. 50 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் நிற்கும். கார் ஓட்டுபவரின் கண்ணும் ஏறத்தாழ அவ்வுயரத்தில்தான் இருக்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். கண் கூசி மூன்று விநாடி பார்வை தெளியாதிருந்தால், 50 மீட்டர் தூரம் குருட்டோட்டமே. முதியவர்களுக்குப் பார்வை தெளிய இன்னும் அதிக நேரம் ஆகும்.

அதற்காக விளக்கை அளவுக்கு மீறித் தாழ்த்துவதும் தவறு. மீட்டருக்கு 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால், ஒளி 25 மீட்டரோடு நின்றுவிடும். அவ்வேகத்தில் செல்லும் வண்டியை அத்தூரத்திற்குள் நிறுத்த இயலாது.

சுவரில் ஒரு கோடு

சமதளத்தில் ஒரு சுவரைத் தேர்ந்துகொள்க. டயர்களில் சரியான காற்று இருக்கட்டும். விளக்குக் கண்ணாடியைத் துடைத்திடுக. வழக்கமாக ஏற்றும் பாரம் வண்டியில் இருக்க வேண்டும். ஓட்டுநரும் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, விளக்குகளின் மையத்திற்கு நேராகச் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அவற்றை இணைத்துக் கோடு வரைக. அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு வரைக.

பின்னர் வண்டியை நேராக 5 மீட்டர் பின்னுக்கு எடுத்து, டிம் விளக்கைப் போடுக. ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் படிய வேண்டும். இடக்கோடியில் அவ்விளிம்பு சற்று உயர்ந்து காணப்படின் பிழையில்லை; சாலையின் இடவோரத்தைக் காட்டுவதற்காகவே அவ்வமைப்பு. தவறாக இருப்பின், விளக்கின் பின்புறமுள்ள திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்புக. ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதை அட்டையால் மறைத்துக்கொள்க. வண்டியின் கையேட்டில் வேறு அளவு தரப்பட்டிருப்பின், அதனையே பின்பற்றுக. சில கார்களில் இதற்கென ஓட்டுநர் அருகே ஒரு திருகு உண்டு. பாரம் ஏற ஏற அதனை உயர்ந்த எண்ணுக்குத் திருப்பினால் ஒளி தாழும். மோட்டார் சைக்கிளுக்கும் இம்முறையே பொருந்தும். பின்னால் ஒருவரோ ஒரு மூட்டையோ ஏறினாலே அதன் ஒளி நிமிர்ந்துவிடும்.

திருகாணியால் தீராதவை

விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவது நெடுநாளைய வழக்கம். அது ஒளியைச் சற்றுக் குறைக்குமேயன்றித் திசையைத் திருத்தாது. சாதாரண பல்புக்கென அமைந்த விளக்கில் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி நாற்புறமும் சிதறும். அதனை எத்திருகாணியும் அடக்காது. டிராக்டரின் பின்புறம் இரவு உழவுக்காகப் பொருத்திய வெள்ளை விளக்கைச் சாலையில் அணைத்துவிட வேண்டும். இல்லையேல், பின்னால் வருபவர் எதிரே வண்டி வருவதாக எண்ணி மயங்குவார்.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதியின்படி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னே, அரை மீட்டர் வலப்புறம் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணுக்குக் கூசாதவாறு ஒளி கீழ்நோக்கி அமைந்திருத்தல் வேண்டும்.

ஊராட்சிகளின் பங்கு

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் அரவை தொடங்கிவிட்டால், நம் சாலைகளில் கரும்பு வண்டிகள் இரவெல்லாம் ஓடும். கண் கூசிய ஓட்டுநருக்கு, ஓரத்தில் நிற்கும் கரும்பு டிரெய்லர் தெரியாது. ஆகவே, அரவைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒவ்வொரு ஊராட்சியும் இதற்கென ஒதுக்கலாம். சமுதாயக் கூடத்துச் சுவரில் நிரந்தரமாக அளவுகோல் வரைந்து, உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஊர் வண்டிகள் அனைத்தையும் பார்வையிடச் செய்யலாம். டிரெய்லர்களின் பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டவும் அன்றே ஏற்பாடு செய்யலாம்.

நம் வண்டியின் ஒளி நமக்கு வழி காட்டினால் மட்டும் போதாது. எதிரே வருபவரின் வழியை மறைக்காமலும் இருக்க வேண்டும். அவ்வழியில் நடந்து வருபவர் நம் ஊரார்தாம் என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் மனத்திற்கொண்டு, இச்சிறு பணியை இவ்வாண்டே மேற்கொள்வார்களாக.