குழந்தை வயிறும் கோதுமையும்

உண்ட உணவு வயிற்றிற்கு ஒவ்வாதபோது வளர்ந்தவன் அதனை வாய்விட்டுக் கூறுவான். எதனை உண்டான், எப்பொழுது நோவு தொடங்கியது, எவ்விடத்தில் நோகின்றது என்பவற்றையும் எடுத்துரைப்பான். இரண்டு வயதுக் குழந்தைக்கோ அழுகை ஒன்றே மொழி. உணவைக் கண்டு முகந்திருப்புதல், உண்டபின் சிணுங்குதல், கால்களை வயிற்றோடு மடக்கிக் கொள்ளுதல் ஆகிய குறிகளைக் கொண்டே அதன் துன்பத்தைப் பிறர் உய்த்துணர்தல் வேண்டும். இக்குறிகளுக்குக் காரணம் பலவாகும். அளவுக்கு மிஞ்சிய ஊண், மலச்சிக்கல், குடற்புழு, பாலிலுள்ள வெல்லம் சமியாமை என்பன அவற்றுட் சில. இவை பெரும்பாலும் எளிதில் நீக்கத்தக்கவை. ஆயின், எளிதில் நீங்காததும், மருத்துவரை நெடுங்காலம் மயக்கியதுமான காரணம் ஒன்று உண்டு. அது மேனாட்டார் நாடோறும் உண்ணும் பாணிலேயே மறைந்திருந்தது.

அந்நோய் சீலியாக் நோய் எனப்படும். தாய்ப்பாலுண்டு செழித்து வளர்ந்த குழந்தை, கோதுமை சேர்ந்த உணவை உண்ணத் தொடங்கிய சில மாதங்களில் மெலியத் தொடங்கும். வயிறு பருத்துப் புடைக்கும், கைகால்கள் சூம்பும். மலம் வெளிறி, மிகுந்து, கொழுப்புடன் துர்நாற்றம் வீசும். சிரித்து விளையாடிய குழந்தை எதற்கும் சினந்து அழும். நல்லுணவு ஊட்ட ஊட்ட உடல் தேய்வதே இந்நோயின் விந்தையாகும்.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த கப்படோக்கியா நாட்டு அரெற்றேயஸ் என்னும் கிரேக்க மருத்துவர் இத்தகைய வயிற்று நோயொன்றை விவரித்துள்ளார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே இந்நோயின் பெயர் பிறந்தது. எனினும், குழந்தைகளிடத்து அதனைத் தெளிவுற விளக்கியவர் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ ஆவர். 1888ஆம் ஆண்டில் வெளியான அவர் கட்டுரை, ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே இந்நோய் மிகுதியாகப் பற்றுகின்றது எனக் கூறிற்று. நோய் தீருமாயின் அஃது உணவினாலேயே தீரும் என்பது அவர் கொண்ட முடிபு. அம்முடிபு பொன்னேபோற் போற்றத்தக்கது. ஆனால், எவ்வுணவு என்னுமிடத்து அவர் வழி தவறினார். அரிசியும் சவ்வரிசியும் ஆகா என விலக்கி, மெல்லியதாக அரிந்து வாட்டிய பாணை அனுமதித்தார். விலக்கியது தீங்கற்றது, கொடுத்ததே நஞ்சு. ஒல்லாந்திலிருந்து வந்த மட்டிச்சதையை நாடோறும் மிகுதியாக உண்டு தேறிய குழந்தை, மட்டி கிடைக்கும் பருவம் முடிந்ததும் மீண்டும் நோயுற்றதையும் அவர் குறித்துள்ளார். உண்மை அவர் கண்முன்னே வந்து நின்றும் முகங்காட்டாது போயிற்று.

1924ஆம் ஆண்டில் நியூயோர்க் நகர மருத்துவர் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவுமுறையை வெளியிட்டார். பாண், தானியங்கள், உருளைக்கிழங்கு ஆகியவற்றை அம்முறை விலக்கிற்று. குழந்தைகள் பிழைத்தன. வாழைப்பழத்திடத்தே அரிய மருந்தொன்று உளது என்று உலகம் நம்பியது. பழத்தை ஊட்டியதனாலன்று, பாணை நிறுத்தியதனாலேயே குழந்தைகள் பிழைத்தன என்பதை அக்காலத்தார் எண்ணிற்றிலர். கொடுத்ததைக் கண்டவர்கள் கொடாததைக் காணவில்லை.

அதனைக் கண்டவர் ஒல்லாந்து மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே. 1905ஆம் ஆண்டிற் பிறந்த இவர், ஹேக் நகரிலிருந்த யூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமையை 1936இல் ஏற்றார். பாணை நிறுத்தியபோது தன் குழந்தையின் நிலை தேறியதாகத் தாயொருத்தி கூறிய சொல்லே அவர் சிந்தையைத் தூண்டியது என்று கூறப்படுகின்றது. அச்சொல்லைப் பேதைமையென்று தள்ளாது அவர் ஆராயத் தொடங்கினார். 1941ஆம் ஆண்டிலேயே பாணும் ரஸ்க்கும் இல்லாத எளிய உணவுமுறையொன்றை வெளியிட்டார்.

பின்னர் நேர்ந்த பெருந்துன்பம் அவர் ஐயத்தை வலுப்படுத்திற்று. 1944ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஒல்லாந்தின் இரயிற்பாதைத் தொழிலாளர் வேலை நிறுத்தஞ் செய்தனர். நாட்டைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானியர், மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு செல்லாவண்ணம் தடுத்தனர். அதனைத் தொடர்ந்த மாரி, பசிமாரி என்றே வரலாற்றில் வழங்கப்படுகின்றது. துலிப் மலர்ச்செடியின் கிழங்கையும் மக்கள் அவித்துண்டனர். ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். ஊரெல்லாம் மெலிந்த அக்காலத்திற் சீலியாக் நோயுற்ற குழந்தைகளோ தேறின. 1945இல் விடுதலை வந்தது, பாணும் வந்தது, அக்குழந்தைகளின் நோயும் உடன் வந்தது. இவ்வொரு நிகழ்ச்சியினாலேயே உண்மை புலப்பட்டது எனப் பலரும் எழுதுவர். அது முற்றும் சரியன்று. ஐயம் முன்னரே இருந்தது. பஞ்சம் அதற்குச் சான்று பகர்ந்தது.

சான்று கிடைத்தபின்னும் டிக்கே அவசரப்பட்டாரல்லர். குறிப்பிட்ட சில குழந்தைகளுக்குக் கோதுமையை நிறுத்தியும் மீண்டும் கொடுத்தும், அவர்தம் நிறை, பசி, மலத்திற் கழியும் கொழுப்பு ஆகியவற்றை நீண்டகாலம் அளந்து குறித்தார். கொழுப்பை அளக்கும் செம்மையான முறையை வான் டி காமர் என்னும் இரசாயன அறிஞர் வகுத்தளித்தார். கோதுமையும் இறை என்னும் தானியமும் தீங்கு செய்வன என்பதை டிக்கே 1950ஆம் ஆண்டில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆராய்ச்சி நூலில் நிறுவினார். கோதுமையின் மாப்பொருள் குற்றமற்றது. பிசைந்த மாவிற்குப் பசைத்தன்மை அளிக்கும் குளூற்றன் என்னும் புரதமே தீங்கு விளைப்பது என்பதும் அடுத்த சில ஆண்டுகளுள் தெளிவாயிற்று. டிக்கே 1962இல் மறைந்தார்.

குளூற்றன் குடலில் என்ன செய்கின்றது? சிறுகுடலின் உட்சுவரிற் சடைமுளைகள் எனப்படும் நுண்ணிய நீட்சிகள் எண்ணிறந்தன உள. சமிபாடடைந்த உணவை உறிஞ்சுவன அவையே. இந்நோயுற்றோரின் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. 1954இல் சத்திரசிகிச்சையின்போது எடுக்கப்பட்ட குடற்றுண்டுகளில் பௌலி என்னும் ஆங்கில மருத்துவர் இதனைக் கண்டார். உறிஞ்சுமிடம் அழிந்தமையால் உண்டது உடலிற் சேராது கழிகின்றது. பிறப்புவழி இயல்புடைய சிலரிடத்து, உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே குளூற்றனைப் பகையெனக் கொண்டு தன் இழையத்தையும் தாக்குகின்றது. அத்தாக்குதலுக்கு இலக்காகும் நொதியம் 1997இல் இனங்காணப்பட்டது. உலகில் ஏறத்தாழ நூற்றுவருள் ஒருவர்க்கு இந்நோய் உண்டென்பது இன்றைய கணிப்பு.

ஆகவே, பிள்ளை வயிற்றைப் பிடித்தழுதால் உடனே கோதுமையை நிறுத்திவிடலாமோ எனின், ஆகாது. குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளைச் சோதித்தே நோய் துணியப்படும். தேவையாயின் குடலிழையமும் ஆராயப்படும். குளூற்றனை உண்டுவரும்போதே அச்சோதனைகள் உண்மை கூறும். முன்னரே நிறுத்திவிடின் நோய் மறைந்து நின்று ஏமாற்றும். எனவே முதலில் மருத்துவரை நாடுதலும், பின்னர் உணவை மாற்றுதலுமே முறை. நோய் உறுதியாயின் வாழ்நாள் முழுவதும் குளூற்றனை விலக்குதல் வேண்டும். வேறு மருந்து வேண்டுவதில்லை.

அரிசி, குரக்கன், சோளம், உழுந்து ஆகியவற்றில் இத்தீங்கு இல்லை. அரிசிச் சோறுண்ணும் ஈழத்தவர்க்கு இவ்விலக்கு எளிதென்று தோன்றும். ஆயினும் பாண் மட்டுமே கோதுமையன்று. ரவையும் சேமியாவும் கோதுமையே. பிட்டும் இடியப்பமும் அவித்த கோதுமை மாவிலும் செய்யப்படுகின்றன. கடைகளில் விற்கும் கூட்டுப்பெருங்காயத்திலும் கோதுமை மா கலந்திருத்தல் உண்டு. பெயரை நோக்காது பொருளை நோக்குதலே அடுக்களைக்கும் விதியாகும்.

ஜீ அறிவிற் குறைந்தவரல்லர். ஹாஸ் கருணையிற் குறைந்தவரல்லர். எனினும், பாண் போன்ற பழகிய பொருளைக் குற்றவாளியென எண்ண எவர்க்கும் மனம் துணிவதில்லை. அத்துணிவும், துணிந்ததை அளந்து மெய்ப்பிக்கும் பொறுமையும் டிக்கேயிடத்து ஒருங்கே அமைந்திருந்தன. ஒரு தாயின் சொல்லையும், பேச அறியாக் குழந்தையின் அழுகையையும் அவர் சான்றாக மதித்தார். அம்மதிப்பினாலன்றோ, உணவே பகையாகிய எண்ணற்ற குழந்தைகள் இன்று உண்டு வளர்ந்து வாழ்கின்றனர்.