இரவில் நடந்து வந்த இரக்கம்



வட்டுக்கோட்டையிலுள்ள பழைய தேவாலயத்தை நாம் அறிவோம். போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க ஆலயமாக விளங்கிய அது, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வசமாயிற்று. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பேராலயமாகத் திகழ்கிறது.

ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றித் திருப்பலியைத் தடை செய்தனர். அச்சத்தாலும் பிழைப்பை முன்னிட்டும் எம் முன்னோர் பலர் ஆட்சியாளரின் சமயத்தை வெளிப்படையாக ஏற்றனர். உள்ளத்திலோ குற்றவுணர்வு உறுத்தியது. பாவசங்கீர்த்தனம் செய்ய நிலையான குரு எவரும் இருக்கவில்லை.

1687இல் கூலியாளின் வேடத்தில் ஒருவர் யாழ்ப்பாணம் வந்தார். கோவாவில் பிறந்த, 36 வயதான அக்குருவே புனித யோசவ் வாஸ் அடிகளார். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, அதைக் கண்டு முகம் மலர்வோரைத் தேடி வீதிகளில் அலைந்தார். வட்டுக்கோட்டைக்கு அயலிலுள்ள சில்லாலையில் தங்கி, இரவுகளில் மறைவாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டார், திருப்பலி ஒப்புக்கொடுத்தார். விசுவாசத்தை மறைத்தோரும் மறுதலித்தோரும் மீண்டும் ஆண்டவரோடு ஒப்புரவாகினர். ஊதாரி மைந்தனை நோக்கி ஓடிய தந்தையின் கால்களை எம் முன்னோர் அந்த இரவுகளில் கண்டனர்.

2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே மடுத் திருத்தலம் சென்று, போரினால் காயப்பட்ட மக்கள் நடுவில் மன்னிப்பையும் ஒப்புரவையும் பற்றிப் பேசினார். இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தது எத்துணைப் பொருத்தம்!

இன்று ஆலயக் கதவு திறந்திருக்கிறது. தடை போட எவருமில்லை. ஆயினும், எல்லைக் கதியால் அரையடி நகர்ந்ததற்காக ஆண்டுக்கணக்கில் முகம் பாராத உடன்பிறப்புகள் நம்மிடையே உள்ளனர். ஒருவர் திருப்பலிக்கு வந்தால் மற்றவர் பின்வரிசைக்குப் போகிறார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் போகும்படி ஆண்டவர் பணித்திருக்கிறாரே (மத்தேயு 5:23-24)!

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டில் திருச்சபை முழுவதற்கும் வழங்கிய இறை இரக்க ஞாயிறு, உயிர்ப்பு விழாவை அடுத்த ஞாயிறு. அதற்குமுன் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுவோம். பாவத்தை அறிக்கையிடுவதோடு, கவர்ந்த அரையடி நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதும் கடமையே.

நம்மைத் தேடி இரவில் நடந்து வந்தது இறை இரக்கம். வேலிக்கு அப்பால் இருக்கும் சகோதரனிடம் பகலில் நடந்து செல்ல நமக்கென்ன தயக்கம்?

புனித யோசவ் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக மன்றாடும்.