படிப்பைத் தேடுமுன் தன்னைத் தேடுதல்

மே மாதம் பிறந்துவிட்டால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் அங்கத்தினர் வீடுகளில் பேச்செல்லாம் ஒன்றே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை எதில் சேர்ப்பது? அண்டை வீட்டார் ஒன்று சொல்வர். தாய்மாமன் ஒன்று சொல்வார். பேருந்தின் முதுகில் ஒட்டிய விளம்பரம் மற்றொன்று சொல்லும். படிக்கப் போகும் பிள்ளையை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதற்கு விடை சொல்லத் தெரிவதில்லை. தன்னைத்தானே அக்கேள்வி கேட்டுப் பழகியிருந்தாலன்றோ சொல்ல முடியும்? இதனால் வரும் நஷ்டம் சிறிதன்று. நகையை அடகு வைத்தும், கால் காணி நிலத்தை விற்றும் கட்டிய பணம், இரண்டாம் ஆண்டில் பிள்ளை படிப்பை விட்டு வீடு திரும்பும்போது உடன் திரும்பி வருவதில்லை.

தன்னைக் கேட்டுத் தொழிலைத் தேர்ந்த ஒருவரின் வரலாறு நம் திண்டிவனத்திலேயே உண்டு. ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தை மருத்துவர், பாட்டனாரும் மருத்துவர், இருவருமே இந்நாட்டில் பணி புரிந்த பாதிரிமார். சிறு வயதிலேயே பஞ்சத்தின் கொடுமையைக் கண்ணால் கண்ட ஐடா, பின்னர் அமெரிக்காவில் கல்வி பயின்று, அங்கேயே வாழ்ந்துவிடுவதென்று உறுதி கொண்டிருந்தார். குடும்பத் தொழில் தமக்கு வேண்டாம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. 1890-ஆம் ஆண்டு திண்டிவனத்திலிருந்த தாயார் நோயுற்றமையால் அவருக்குத் துணையாக வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்புவதே எண்ணம்.

அங்கே ஓரிரவு ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் இந்துவே. மூவர் இல்லங்களிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். தம் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை. பெண்ணாகிய ஐடாவே வர வேண்டும் என்றனர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மூவரும் வந்த வழியே திரும்பினர். ஐடா அவ்விரவு உறங்கவில்லை. விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தார்; மூன்று பெண்களும் மாண்டு போயிருந்தனர்.

இக்கதையைச் சொல்வோர் பலரும் ஓரிரவில் மனம் மாறிய அதிசயமாகவே சொல்லி முடித்துவிடுவர். எனக்கு அந்த மாற்றத்தைவிட, அவ்விரவில் அவர் தம்மைக் கேட்ட கேள்வியே பெரிதாகத் தோன்றுகிறது. எனக்கு எது பிடிக்கும் என்று மட்டும் கேட்டிருந்தால் அமெரிக்கா என்பதே விடை. இங்கே எது இல்லாமல் உயிர் போகிறது, அதைச் செய்ய என்னால் ஆகுமா, அதற்கு எத்தனை ஆண்டு படிக்க வேண்டும் என்றும் அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஏனெனில் உணர்ச்சியோடு நின்றுவிடாமல் கடல் கடந்து சென்று, 1899-ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூருக்கு வந்து மருத்துவம் தொடங்கினார். 1902-இல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே.

எல்லாருக்கும் அத்தகைய இரவு வாய்ப்பதில்லை, வாய்க்கவும் வேண்டாம். அமைதியாக அமர்ந்து செய்யக்கூடிய முறையும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1908-ஆம் ஆண்டு பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்க்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவரே பொறியியல் படித்து, ஆசிரியராகி, பின்பு வழக்கறிஞராகித் திரிந்தவர். ஆகவே அலைச்சல் இன்னதென அறிவார். தன் இயல்பை அறிதல், தொழில்களின் இயல்பை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பது அவர் வகுத்த நெறி. வந்த இளைஞரிடம் நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களைக் கொடுத்து, விடைகளை எழுதி வரச் செய்தார்.

விவசாயிக்கு இது புதிதன்று. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த மணிலா ரகங்களுக்கு ஊரின் பெயரால் டி.எம்.வி. என்று பெயர். டி.எம்.வி. 2 என்பது 1940-லும் டி.எம்.வி. 7 என்பது 1967-லும் வெளிவந்தன. எவ்வளவு பேர் பெற்ற ரகமாயினும், மண்ணையும் பட்டத்தையும் பாராமல் எவரேனும் விதைப்பாரோ? பிள்ளை விஷயத்தில் மட்டும் பக்கத்து வயலைப் பார்த்து விதைக்கிறோம்.

வினாக்களுக்குப் பெரிய ஏடு தேவையில்லை. யாரும் ஏவாமலே நான் செய்யும் வேலை எது? எந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தபோதும் அதை விட மனம் வரவில்லை? நாள் முழுதும் ஆட்களோடு பேச இயலுமா, தனித்திருக்க விருப்பமா? சிறுவந்தாட்டு நெசவாளர் வீட்டுப் பெண் தறியில் உட்கார விரும்பாதிருக்கலாம். ஆனால் ஜக்கார்டு அட்டைக்கு வடிவம் வரைவதில் அவளுக்குப் பொழுது போவதே தெரியாது எனில், சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தை விசாரித்துப் பார்க்கலாம். மூட்டைக் கணக்கைத் தந்தைக்கு முன்பே போட்டு முடிக்கும் பையனுக்கு வணிகவியல் ஒத்துவரும். அதன்பின் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயமும் படித்தால், சங்கப் பணிக்கு விண்ணப்பிக்க உதவும். பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவு தேரும்போதே பாதி வழி அடைபட்டு விடுவதால், இவ்வினாக்களை அப்போதே தொடங்குதல் நலம். அரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழிகாட்டலையும் பள்ளியில் கேட்டுப் பெறலாம். அது தொழில்களைக் காட்டும்; பிள்ளையின் மனத்தைக் காட்டாது.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. விண்ணப்பம் போடுமுன், அங்கே பயிலும் தெரிந்த மாணவர் ஒருவரிடம் இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தைக் கடனாக வாங்கி, பிள்ளையை ஓர் அத்தியாயம் படிக்கச் சொல்லுங்கள். படித்தபின் அடுத்த அத்தியாயத்தைத் தானாகப் புரட்டுகிறதா என்று திண்ணையிலிருந்தே பார்க்கலாம்.